படம் வரைந்தவர் யார்? பழைய சிறுவர் புத்தகங்களைச் சேகரிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அணில், டமாரம், சங்கு, கண்ணன், அம்புலிமாமா, பூந்தளிர், மாஸ்கோவில் அச்சான தமிழ்க் கதைப் புத்தகங்கள், முத்து காமிக்ஸ் என்று எதையாவது தேடிக்கொண்டே இருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் சிலரோடு புத்தகம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். சிலரைத் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் பார்த்துச் சிரித்ததோடு சரி. நானும் உங்களில் ஒருத்தி என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் படம் வரைந்தவரின் கையெழுத்தைத் தேடுங்கள். கிடைத்தால் அந்த மூலையைத் தெளிவாகப் படம் எடுங்கள். எந்த இதழ், எந்த மாதம், எத்தனையாம் பக்கம் என்று குறித்து, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பதிவேட்டில் சேர்ப்போம். தமிழ்ச் சிறுவர் நூல் ஓவியர்களின் கையெழுத்துப் பதிவேடு. அப்படி ஒன்று இன்றுவரை என் கண்ணில் பட்டதில்லை. அதை உருவாக்கத் தேவையானதெல்லாம் நம் அலமாரிகளில்தான் இருக்கிறது.

ஏன் நம்மிடம் கேட்கிறேன், நூலகங்களிடம் கேட்கக்கூடாதா என்று தோன்றலாம். சிறுவர் புத்தகத்தின் விதியே வேறு. நன்றாக இருந்தால் கிழியும் வரை படிக்கப்படும், கிழிந்ததும் எடைக்குப் போகும். பெரியவர்களின் நாவல் தாத்தா அலமாரியில் தப்பிப் பிழைத்த மாதிரி, உள்ளங்கை அளவு சிறுவர் இதழ் பிழைக்கவில்லை. 1954-இல் வந்த சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலும் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். 1956-இல் இதழ்களும் அதில் சேர்க்கப்பட்டன. ஆனால் சந்துக்குள் டிரெடில் என்ற சின்ன அச்சு இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு காலணாவுக்கும் அரையணாவுக்கும் இதழ் போட்டவர்கள் எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள் என்று நம்ப முடியவில்லை. நூலகத்தில் இருக்கிற பிரதிகளுக்கும் அட்டவணையில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவைதான் இருக்கும். ஓவியர் பெயரைப் பதிய நூலக அட்டவணை முறைகளில் இடம் உண்டு. தமிழ் நூல்களுக்கு அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

எழுத்தாளர்கள் பக்கம் நிலைமை இவ்வளவு மோசமில்லை. அழ. வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். யார் யார் எழுதினார்கள், என்ன எழுதினார்கள் என்பதற்கு ஓரளவு பதிவு இருக்கிறது. சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமாவின் வாழ்க்கையைப் பற்றிப் படிக்க நமக்குக் கட்டுரைகள் கிடைக்கின்றன. ஆனால் அவர் கதைகளைக் கண்ணுக்குக் கொண்டுவந்த ஓவியர்களில் செல்லம் தவிர எத்தனை பேரை நம்மால் சட்டென்று சொல்ல முடியும்? எழுதப் படிக்கத் தெரியாத வயதில் நாம் முதலில் வாசித்தது அவர்களைத்தான். கதை மறந்துபோன பிறகும் நினைவில் நிற்பது அவர்கள் போட்ட கோடுகள்தான்.

ஒருவருக்கு மட்டும் இந்த மறதியிலிருந்து விலக்கு கிடைத்தது. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர். கையில் உருவிய வாள், தோளில் வேதாளம் புகுந்த உடல், பின்னால் இருண்ட காடு. கே.சி. சிவசங்கரன் என்ற அவருடைய முழுப்பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தப் படம் தெரியும். 1924-இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே வரைந்தார். 96 வயதில், 2020 செப்டம்பரில் காலமானார். பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரியில். அவ்வளவு நீண்ட ஆயுள், அத்தனை மொழிகளில் வந்த ஓர் இதழ், ஒரே இடத்தில் அரை நூற்றாண்டு வேலை எல்லாம் சேர்ந்தும் விருது அவர் கைக்கு வரவில்லை. மூன்று வருடம் மட்டும் வந்து நின்றுபோன இதழில் வரைந்தவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூல ஓவியங்களைத் தேடலாமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலானவை இல்லை. ஓவியர் இந்தியன் இங்க்கில் வரைந்து கொடுப்பார். அதைப் புகைப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்து பிளாக் ஆக்குவார்கள். வேலை முடிந்ததும் மூல ஓவியத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் கிடையாது. ஓவியர்களும் கேட்டதில்லை. பிளாக்குகள் அச்சகத்தில் கொஞ்ச காலம் கிடந்து, அதே பதிப்பாளரின் வேறு புத்தகத்திலோ, இரவல் போன இடத்திலோ மறுபடி அச்சாகி, கடைசியில் பழைய உலோகமாக விற்கப்பட்டன. ஆக, அச்சான பக்கம்தான் இன்றைக்கு மூலம். மட்டக் காகிதத்தில், நிறம் கொஞ்சம் விலகி விழுந்த அந்தப் பக்கத்தைவிட்டால் அந்த ஓவியத்துக்கு வேறு சாட்சி கிடையாது.

பிளாக் கைமாறிய கதையால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே படம் இரண்டு மூன்று புத்தகங்களில் வரும். ஒன்றில் கையெழுத்து இருக்கும், மற்றதில் தகட்டின் ஓரத்தை வெட்டியிருப்பார்கள். ஒரு பிரதியை மட்டும் வைத்திருப்பவருக்கு இது தெரிய வழியில்லை. உங்கள் புத்தகமும் என் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டால்தான் தெரியும். பதிவேடு தேவை என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் முதல் காரணம்.

இப்போது நம் வீடுகளில் நடப்பதற்கு வருகிறேன். பைண்டிங். தமிழ்க் குடும்பங்கள் இதழ்களைக் காப்பாற்றியதே பைண்டிங்கால்தான், அந்தப் பாட்டிகளையும் அத்தைகளையும் நான் வணங்குகிறேன். ஆனால் பைண்டர் மூன்று பக்கமும் கட்டிங் போடுவார். ஓவியர்கள் கையெழுத்துப் போடுவது படத்தின் கீழ்மூலையில். படம் பக்க விளிம்புவரை போகும்போது, கத்தி முதலில் எடுப்பது அந்தக் கையெழுத்தைத்தான். பக்க எண்ணும் மாதமும் அதோடு போய்விடும். நான் பார்த்த பைண்டு வால்யூம்களில் பாதி எழுத்தோடு நிற்கும் கையெழுத்துகள் ஏராளம். ஒரு 'ம்' மட்டும், ஒரு கோட்டின் சுழிப்பு மட்டும். பழைய வால்யூம்களுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பைண்டிங் தளர்ந்துபோனது என்று அதை இன்றைக்கு மறுபடி பைண்டரிடம் கொடுக்கும் நண்பர்களே, தயவுசெய்து கட்டிங் வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அழகாக இருக்காதுதான். பரவாயில்லை.

லேமினேஷனும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப உரிக்க முடியாது, உரித்தால் மையும் சேர்ந்து வரும். செலோடேப் சில வருடங்களில் பழுப்பாகி, பசை காகிதத்துக்குள் இறங்கிக் கறையாகிறது. கடற்கரை ஊர்க் காற்றில் ஸ்டேபிள் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்றுவிடும். பின்னை மெதுவாக எடுத்துவிட்டு அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்தால் போதும். இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. அட்டைப்படத்தையும் முழுப்பக்க வண்ணப்படங்களையும் கத்தரித்து, ஃபிரேம் போட்டு, தனித்தனியாக விற்கும் வழக்கம் நம்மிடையே வந்திருக்கிறது. ஒரு இதழை விற்பதைவிட அதன் நாலு படங்களைத் தனியாக விற்றால் அதிகம் கிடைக்கிறது என்று ஒரு வியாபாரி என்னிடமே விளக்கினார். கத்தரித்த படத்துக்கு மாதமும் இல்லை, இதழும் இல்லை, கதையும் இல்லை. ஃபிரேமின் விளிம்பு கையெழுத்தையும் மறைத்திருக்கும். அந்தப் படங்களை வாங்காதீர்கள். நாம் வாங்குவது நின்றால் கத்தரிப்பதும் நிற்கும்.

நம்மிடம் இருக்கும் ரஷ்யக் கதைப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம், 1982-இல் அதிலிருந்து பிரிந்த ராதுகா, இங்கே அவற்றைக் கொண்டுவந்து விற்ற நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. அந்தப் புத்தகங்களில் மொழிபெயர்த்தவர் பெயரோடு, படம் வரைந்தவர் பெயரும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். அங்கே ஓவியர் என்பவர் புத்தகத்தின் பாதி உரிமைக்காரர். 1976-இல் ரஷ்ய ஓவியர் டாட்டியானா மாவ்ரினாவுக்குச் சிறுவர் நூல் ஓவியத்துக்கான ஆண்டர்சன் விருது கிடைத்தது. அமெரிக்காவில் 1938 முதல் கால்டெகாட் பதக்கம் படப்புத்தக ஓவியர்களுக்கென்றே தரப்படுகிறது. பிரிட்டனில் 1955-இல் கேட் கிரீனவே பதக்கம் தொடங்கப்பட்டது. நம் சின்னஞ்சிறு இதழ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த அதே 1950-கள். ஒரு தமிழ்க் குழந்தை கையில் வைத்திருந்த தமிழ்ப் புத்தகத்தில் மாஸ்கோ ஓவியரின் பெயர் தெரிகிறது, மயிலாப்பூரில் இருந்து வரைந்தவர் பெயர் தெரியவில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

முடியாத வேலையா இது? காமிக்ஸ் ரசிகர்களைக் கேளுங்கள். முத்து காமிக்ஸ் 1972-இல் பிரிட்டிஷ் காமிக்ஸின் தமிழாக்கமான இரும்புக்கை மாயாவியோடு வந்தபோது, உள்ளே படம் வரைந்தது யார் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. மூலமான பிரிட்டிஷ் இதழிலேயே அந்தக் காலத்தில் ஓவியர் பெயர் போடும் பழக்கம் இல்லை. ரசிகர்கள்தான் கோடுகளை ஒப்பிட்டு, பழைய ஆட்களைத் தேடிப் பேசி, பட்டியல் போட்டார்கள். அதனால்தான் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் பெயர் இன்றைக்குத் தமிழ் காமிக்ஸ் வாசகர்களின் நாவில் இருக்கிறது. நம் ஊர் காமிக்ஸ் அட்டைகளை வரைந்தவர்களைப் பற்றியும் ரசிகர்களே எழுதிவருகிறார்கள். சம்பளம் இல்லை, நிறுவனம் இல்லை, பிடிவாதம் மட்டும்தான். அந்தப் பிடிவாதத்தைக் கதை இதழ்கள் பக்கமும் கொஞ்சம் திருப்புங்கள் என்றுதான் காமிக்ஸ் நண்பர்களிடம் கேட்கிறேன்.

தெலுங்கு நண்பர்களையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெலுங்குச் சந்தமாமாவும் தமிழ் அம்புலிமாமாவும் 1947 ஜூலையில் ஒன்றாகப் பிறந்தவை. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் இருந்து நடத்தியவை. எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் படம் ஒன்றுதான், கதையின் எழுத்து மட்டும் மாறும். எனவே தமிழில் கிடைக்காத ஓர் ஆண்டின் படங்கள் தெலுங்குச் சேகரிப்பில் இருக்கலாம். 'சித்ரா' என்று கையெழுத்திட்டவர் டி.வி. ராகவன் என்பதும், அட்டைகளில் தெலுங்கில் 'வ.பா.' என்றிருப்பது வட்டாதி பாப்பையா என்பதும் தெலுங்கு வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்திகள். அவர்கள் தங்கள் ஓவியர்களைக் கொண்டாடும் அளவில் நாம் பாதியைக்கூடச் செய்யவில்லை.

நேரில் பேசும்போது இரண்டு மறுப்புகளை அடிக்கடி கேட்கிறேன்.

படத்தை வெளியே விட்டால் என் பிரதியின் மதிப்பு குறையும் என்பது ஒன்று. அம்புலிமாமாவின் பழைய இதழ்கள் எவ்வளவோ இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன, அதனால் காகிதப் பிரதியை யாராவது வேண்டாம் என்கிறார்களா? தெரிந்த ஓவியரின் இதழைத்தான் அதிகம் தேடுகிறார்கள். பெயர் தெரியாதவரின் இதழ் கட்டோடு கட்டாகப் போகிறது. விலையை மட்டும் பார்த்தாலும் பதிவேடு நமக்கு எதிரியில்லை.

பதிப்புரிமை இன்னொன்று. இது நியாயமான கவலை. இந்தியச் சட்டப்படி, பெயர் சொல்லி வெளியான ஓவியத்துக்கு அதை வரைந்தவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பெயரில்லாமல் வெளியானது என்றால் வெளிவந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பல இதழ்களில் உரிமை ஓவியரிடம் இல்லை, பதிப்பாளரிடம் இருந்திருக்கும். இந்தக் கணக்கைப் போடுவதற்கே யார் வரைந்தார் என்று தெரிய வேண்டும், இல்லையா? நான் முழு இதழ்களை வெளியிடச் சொல்லவில்லை. கையெழுத்து இருக்கும் மூலை, அதை அடையாளம் காண உதவும் அளவுக்குப் படத்தின் ஒரு பகுதி, அவ்வளவுதான் பதிவேட்டுக்கு வேண்டும்.

முழு இதழையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது உங்கள் சொந்தப் பாதுகாப்புக்கு. அதைச் செய்யும்போது வண்ணத்தில் செய்யுங்கள். எழுத்தை மட்டும் மனதில் வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யப்பட்ட பழைய நூல்கள் நிறைய உலவுகின்றன. அவற்றில் படங்கள் கரும்புள்ளித் திட்டுகளாகிவிட்டன. இரண்டு வண்ண அச்சில் சிவப்போ பச்சையோ எங்கே விழுந்தது என்பது அப்படியே தொலைந்துபோகிறது. விளிம்பை வெட்டாமல், விளம்பரப் பக்கத்தையும் விடாமல், வாசகர் கடிதத்தையும் சேர்த்து எடுங்கள். ஓவியர் பெயர் சில சமயம் அங்கேதான் இருக்கும். 'சென்ற இதழ் அட்டைப்படம் வரைந்த இன்னாருக்கு என் பாராட்டு' என்று எங்கோ ஒரு ஊர்ச் சிறுவன் எழுதியிருப்பான். ஆசிரியர் போடாமல் விட்ட பெயரை ஒரு குழந்தை காப்பாற்றியிருக்கும்.

அதேபோல, முன்பு வைத்திருந்த குழந்தை எழுதிய பெயரையும் வகுப்பையும் ஊரையும் ரப்பர் வைத்து அழிக்காதீர்கள். இதழில் ஆண்டு இல்லாதபோது அந்த வகுப்பும் தேதியும் ஆண்டைச் சொல்லிவிடும்.

பதிவேட்டில் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவோம். 'இவர் கோடு மாதிரி இருக்கிறது' என்ற ஊகத்தைத் தனியாகவும், அச்சான பெயரைத் தனியாகவும், கையெழுத்தைத் தனியாகவும், ஓவியரோ குடும்பத்தாரோ சொன்னதைத் தனியாகவும் குறிக்க வேண்டும். சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதும் வேண்டும். இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். ஒரு தவறான பெயர் உள்ளே போய்விட்டால் அதைப் பார்த்து எல்லோரும் எழுதுவார்கள், பிறகு அதைப் பிடுங்கவே முடியாது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் நூல்களைச் சேகரித்ததோடு நிற்கவில்லை. நோட்டீஸ், திருமண அழைப்பு, சின்ன இதழ் என்று மற்றவர் தூக்கிப்போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்ததால் அந்தச் சேகரிப்பு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. தனி மனிதர் சேர்த்தது பொதுச் சொத்தாக முடியும் என்பதற்கு நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. நம் பதிவேடு ஓர் அளவுக்கு வளர்ந்ததும் அதன் பிரதியை அங்கேயும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும், ஈழத்து நூல்கள் சம்பந்தப்பட்டதை, அவற்றை மின்வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' நிறுவனத்துக்கும் கொடுக்கலாம். அவர்களுடைய அட்டவணைகளில் ஓவியர் பெயரையும் சேர்க்கும்படி நாம் அப்போது கேட்கலாம். இப்போது கேட்டால், பெயர் எங்கே என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்கள்.

1950-களின் சிறிய இதழ்களிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். அந்தக் காகிதம்தான் முதலில் பொடியாகிறது. அந்த அலுவலகங்களில் இருபது வயதில் வேலை பார்த்தவர்கள் இப்போது தொண்ணூறை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால், பதிவேடு தயாராகும்வரை காத்திருக்காதீர்கள். இதழைக் கையில் எடுத்துக்கொண்டு போய், பக்கம் பக்கமாகக் காட்டி, 'இதை யார் வரைந்தது?' என்று கேட்டு, பதிலைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

என்னிடம் உள்ள இதழ்களின் கையெழுத்துகளைப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். பதிவேட்டை யார் பொறுப்பில் வைப்பது, எந்த வடிவில் வைப்பது, ஊகங்களைச் சரிபார்க்க யார் யார் இருப்பது என்பதை நான் தனியாக முடிவு செய்ய விரும்பவில்லை. இதில் உங்கள் யோசனைகள் வேண்டும். இந்தத் திட்டமே தவறு என்று நினைப்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள். அடுத்த சென்னைப் புத்தகக் காட்சிக்கு நம்மில் பலர் எப்படியும் வருவோம். ஒரு மாலை ஒதுக்கி உட்கார்ந்து பேசலாம். வரும்போது பெயர் தெரியாத ஒரு கையெழுத்தையாவது படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
பழைய சிறுவர் இதழ்கள் சேகரிக்கும் உங்கள் தோழி